ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்திருந்த அத்தை

என் அத்தைக்கு என்ன வேலை என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "என் தங்கச்சி வீட்டோடதான் இருக்கா" என்பார் அப்பா. அது பொய்யில்லை. யார் வீட்டோடு என்பதை மட்டும் முழுங்கிவிடுவார். "புருஷனுக்குக் கூடமாட ஒத்தாசை பண்றா" என்பாள் அம்மா. நான் ஒருத்திதான் உள்ளதை உள்ளபடி சொல்வேன். அதனால் எனக்கு வாய் நீளம் என்று பெயர். என் அத்தை, தரையிலிருந்து பெயர்த்துத் தூக்குகிற கட்டடங்களுக்குள் உட்கார்ந்திருப்பாள். கட்டடம் மேலே போகும்போது அவளும் சேர்ந்து மேலே போவாள். அதுதான் அவள் வேலை.

மாமா ஜாக்கி மேஸ்திரி. தெருவுக்குப் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் தெரு கொஞ்சம் உயர்ந்துவிடும், வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படியே போனால் ஒருநாள் வாசலில் ஓடுகிற மழைத்தண்ணீர் நம்மைக் கேட்காமல் உள்ளே வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும். அப்போதுதான் மாமாவைத் தேடி ஓடி வருவார்கள். அவர் சுவரின் அடியைப் பகுதி பகுதியாக உடைத்து, இரும்பு உத்தரங்களைச் செருகி, அவற்றுக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைப்பார். லாரிக்கு டயர் மாற்ற வைக்கிறார்களே, அந்த ரகம்தான், கொஞ்சம் தடிமன். ஒரு ஜாக்கிக்கு ஓர் ஆள். மாமா குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒன்றாக, ஒரே அளவு கம்பியைத் திருப்ப வேண்டும். ஒருத்தன் முந்தினாலும் சுவர் பிளக்கும், பிந்தினாலும் பிளக்கும். இப்படித் திருப்பித் திருப்பி, கிடைத்த இடைவெளியில் செங்கல் கட்டி, வீட்டை மேலே நிறுத்திவிட்டுக் கை தட்டிக்கொண்டு போய்விடுவார்.

அத்தை உள்ளே போன கதை அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. ஒரு தையல்காரர் தன் வீட்டைத் தூக்கக் கூப்பிட்டிருந்தார். போன இடத்தில் அவருக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது.

"மேஸ்திரி, விழுந்துட்டா?"

"விழாதுங்க."

"நீங்க வெளிய நின்னுக்கிட்டு விழாதுன்னு சொல்றீங்க. இதை நம்பி யாராவது உள்ள இருப்பாங்களா?"

மாமாவுக்கு அப்போது இளரத்தம். "என் பொண்டாட்டியை உள்ள உக்கார வைக்கிறேன். போதுமா?" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொண்டாட்டி பக்கத்தில்தான் நின்றிருந்தாள், அவளை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி அத்தை சோற்றைப் போட்ட சத்தத்திலேயே மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. மறுநாள் அத்தை போய் உட்கார்ந்தாள். வீடு எழுந்தது, விழவில்லை, தையல்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மாமாவைக் கூப்பிட வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "உங்க வீட்டம்மா வருவாங்கல்ல?" என்பதுதான். மாமாவின் ஆட்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. அத்தை உள்ளே போய், உட்கார்ந்துவிட்டேன் என்று குரல் கொடுக்காமல் ஒருத்தனும் கம்பியைத் தொட மாட்டான். வீடு, கடை, பள்ளிக்கூடம், மாவு மில் என்று எத்தனையோ கட்டடத்தோடு அத்தை மேலே போயிருக்கிறாள். வருகிறாயா என்று அவளை யாரும் கேட்டதில்லை. காலையில் மாமா ஜாக்கிகளை வண்டியில் ஏற்றுவார், அத்தையும் ஏறிக்கொள்வாள்.

அவளால் சும்மா உட்கார முடியாது. பட்டாணி உரிப்பாள், அறுந்த பித்தான் தைப்பாள். ஒரு தடவை பட்டாணி அலசத் தட்டில் ஊற்றி வைத்திருந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்குவதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, சமையக்கட்டு மூலை தாழ்ந்து போச்சு!" என்று உள்ளிருந்தே கத்தினாள். மாமா ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தாழ்ந்துதான் போயிருந்தது. அன்றிலிருந்து ஓர் அகலமான தட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். வெளியே மாமாவின் ரசமட்டம், உள்ளே அத்தையின் தட்டு. இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த திருப்பு.

இனி ஸ்டேஷனுக்கு வருகிறேன். எங்கள் ரயில்வே ஸ்டேஷன் ஊரைவிட மூத்தது. இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஆற்றோரமாக ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. ரயில் நின்றது. நின்ற ரயிலில் இருந்தவர்களுக்கு டீ வேண்டியிருந்தது, ஒரு டீக்கடை வந்தது. டீக்கடைக்காரருக்கு வீடு வேண்டியிருந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தெரு வந்தது. இப்படித்தான் நாங்கள் எல்லாரும் வந்தோம். கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய நீளமான கட்டடம், ஓட்டுக் கூரை, கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத உத்தரங்கள், தெருவைப் பார்த்த வாசலில் ஒரு பெரிய வளைவு. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கும். அதில் ஜனங்கள் படியேறி ஸ்டேஷனுக்குள் போகிறார்கள். ஒரு பெண்மணி ஒரு கையால் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அரண்மனைக்குள் நுழைகிற மாதிரி தலை நிமிர்ந்து ஏறுகிறாள்.

அந்தப் படிகளை நான் பார்த்ததில்லை. தண்டவாளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய ஜல்லி மேல் புது ஜல்லியைக் கொட்டுவார்கள். தண்டவாளம் உயர்ந்தால் பிளாட்பாரத்தை உயர்த்த வேண்டும், பிளாட்பாரம் உயர்ந்தால் பக்கத்துச் சாலை சும்மா இருக்குமா? நீராவி இஞ்சின் காலம் ஒரு படியை விழுங்கியது, டீசல் காலம் ஒன்றை விழுங்கியது, மின்சாரம் வந்து மிச்சத்தையும் முடித்துவிட்டது. நான் டிக்கெட் கொடுக்கிற வேலைக்கு வந்தபோது ஸ்டேஷனுக்குள் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. மழை பெய்தால் நான் செங்கல் மேல் கால் வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பேன். ஒரு தடவை மேஜை இழுப்பறையில் தவளை உட்கார்ந்திருந்தது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்ற ஒருவர், "ரயில் வரைக்கும் படகு போகுமாம்மா?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மேலிடத்தில் இடித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். இடித்துவிட்டுத் தீப்பெட்டி மாதிரி ஒன்றைக் கட்டுவதாகத் திட்டம். அளவெடுக்க ஓர் இளம் இன்ஜினியர் வந்தார். எதையாவது யோசித்தால் பேனாவை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டே இருப்பார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரைமேல் ஏறிப் பார்த்தார், இறங்கி வந்து, "இது இன்னும் நம்ம பேரன் காலம் வரைக்கும் நிக்கும். இதை எதுக்கு இடிக்கணும்? தூக்கிடலாமே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், எங்க மாமா அதைத்தான் பண்றார்" என்றேன். அவர் மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஒரு வாய்ப்பு வாங்கி வந்தார். ரயில்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சுவரில் விரல் நுழைகிற மாதிரி ஒரு பிளவு விழுந்தாலும் தூக்குகிற வேலை அத்தோடு சரி, மறுநாளே இடிக்கிற இயந்திரம் வரும்.

மாமா ஸ்டேஷனைச் சுற்றி நடந்தார். மறுபடி நடந்தார். அவ்வளவு பெரிதை அவர் தொட்டதே இல்லை. "இவ உள்ள இருப்பா" என்று கடைசியில் இன்ஜினியரிடம் சொன்னார். அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரும் உள்ள இருக்கக் கூடாது மேஸ்திரி. சட்டம்" என்றார் இன்ஜினியர்.

"அப்ப என் ஆளுங்க கை வைக்க மாட்டாங்க சார்."

இன்ஜினியரின் பேனா வெகுநேரம் டிக் டிக் என்றது. கடைசியில் அத்தைக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தார். அத்தையின் கொண்டை மேல் அது உட்காராமல் நின்றுகொண்டிருந்தது. "இதுல பட்டாணி உரிச்சுப் போடலாம்" என்றாள் அத்தை. இன்ஜினியர் தன் பங்குக்கு, சுவர்களில் எங்கெல்லாம் பழைய கீறல் இருந்ததோ அங்கெல்லாம் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி முதலில் உடையும், நமக்குத் தெரிந்துவிடும். தெருவில் மட்டம் பார்க்கிற ஒரு தொலைநோக்கியையும் நிறுத்தினார்.

என்னை மேஜை, ரயில் வருவதை அறிவிக்கிற மைக் சகிதமாகப் பிளாட்பாரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். எதிரே காத்திருப்பு அறையின் ஜன்னல். கதவையும் சட்டத்தையும் கழற்றிவிட்டதால் அது வெறும் திறப்பாக இருந்தது. அதற்குள் ஹெல்மெட்டோடு அத்தையும் அவள் தட்டும்.

முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமா குரல் கொடுத்தார், ஆட்கள் கம்பியைத் திருப்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார்கள். ஒரு முனகல் கேட்டது. கல்லா மரமா என்று தெரியவில்லை, இத்தனை காலமாக ஒரே இடத்தில் கிடந்த ஒன்று புரண்டு படுப்பது போல ஒரு சத்தம். கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. நான் குனிந்து பார்த்தேன். ஸ்டேஷனுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு. நாள் போகப் போக அந்தக் கோடு அகலமாயிற்று. அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது, தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரிந்தது. ஒரு நாய் அந்தப் பக்கமிருந்து நுழைந்து இந்தப் பக்கமாக வெளியே வந்து, தான் எதற்கடியில் நடந்தோம் என்று திரும்பிப் பார்த்தது. அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. ஓடு, உத்தரம், மணி, எடை பார்க்கிற இயந்திரம், சுவர்க் கடிகாரம், என் அத்தை எல்லாம் சேர்ந்து அந்தரத்தில் நின்றன.

ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. கட்டடம் நீளம். பிளாட்பாரப் பக்கம் பாதி ஆட்கள், தெருப் பக்கம் பாதி ஆட்கள். சுவரைப் பார்த்தபடி பள்ளத்தில் குந்தியிருந்ததால் அவர்களுக்கு மாமாவைப் பார்க்க முடியாது. அவர் குரலும் எட்டவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷன். அலமாரியைத் திறந்து, ரயிலைக் கிளப்ப கார்டுகள் ஊதுகிற விசில் ஒன்றை எடுத்து மாமா கழுத்தில் மாட்டிவிட்டார். ஒரு விசிலுக்குக் கால் சுற்று. மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே போனார். இந்த வேலை முடியும்வரை எங்கள் ஸ்டேஷனில் கொடி மட்டும் காட்ட வேண்டும், விசில் ஊதக் கூடாது என்று எல்லா கார்டுகளுக்கும் மாஸ்டர் தகவல் அனுப்பிவிட்டார். ரயில் நிற்கும்போது யாரும் திருப்பக் கூடாது, கம்பியில் கை வைத்தபடி காத்திருக்க வேண்டும். ரயில் போனதும் மாமா ஊதுவார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அன்றைக்கு மத்தியான ரயிலில் வந்த கார்டு விடுமுறையில் போய்விட்டுத் திரும்பியவர். அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாமா தெருப் பக்கம் நின்று ஒரு ஜாக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்து இரைந்துகொண்டு நின்றது. கல்யாணத்துக்குப் போகிற ஒரு பெரிய குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு ஏறிக்கொண்டிருந்தது. கார்டு விசில் ஊதினார். ஒரு சித்தப்பா பெட்டியை விட்டுவிட்டு இறங்கினார். கார்டு மறுபடி ஊதினார். சித்தப்பாவைத் தேடிச் சித்தி இறங்கினாள். கார்டுக்குக் கோபம் வந்துவிட்டது. விட்டு விட்டு ஊதிக்கொண்டே இருந்தார்.

பிளாட்பாரப் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தவர்களுக்கு விசில் என்றால் விசில்தான். ரயில் இரைச்சல் இன்னும் கேட்கிறதே என்று ஒருத்தன் தயங்கினானாம். பக்கத்தில் இருந்தவன் திருப்புவதைப் பார்த்து அவனும் திருப்பினான். மேஸ்திரிக்கு இன்றைக்கு என்ன இத்தனை அவசரம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு கால் சுற்று. கட்டடத்துக்கு அந்தப் பக்கம், இரைச்சலில் எதுவும் கேட்காத தெருப் பக்கத்து ஆட்கள், கம்பியில் கை வைத்துச் சும்மா இருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரயில் கிளம்பிப் போன பிறகு அத்தையின் குரல்தான் முதலில் கேட்டது. "ஏய்! யாருடா அது? நிறுத்துங்கடா!"

தட்டிலிருந்த தண்ணீர் தெருப் பக்கமாக வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கண்ணாடிகள் உடைய ஆரம்பித்தன. டிக், டிக் என்று ஒன்றன்பின் ஒன்றாக, சுவர் நெடுக. வாசல் வளைவின் நடுவில் ஒரு கோடு ஓடி அகலமாயிற்று. ஒரு கதவளவு காரை பெயர்ந்து புழுதியோடு தெருவில் விழுந்தது. தெருப் பக்கத்து ஆட்கள் கம்பிகளை அப்படியே போட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி ஓடினார்கள். அவர்களில் ஒல்லிப்பிச்சான் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருத்தன், சாதாரணமாக நடக்கவே அலுத்துக்கொள்கிறவன், எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினான்.

இன்ஜினியர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். "தெருப் பக்கம் தாழ்ந்து கிடக்கு. அந்தப் பக்கத்தை மெல்ல ஏத்திச் சமமாக்கணும். இல்லன்னா ஜாக்கிங்க சாஞ்சு வழுக்கிடும், மொத்தமும் உக்காந்துடும்" என்று மாமாவிடம் கத்தினார். அடுத்து வாசல் வளைவு வழியே உள்ளே பார்த்து, "அம்மா, வெளிய வாங்க!" என்றார். மாஸ்டர் எல்லா சிக்னலையும் சிவப்பாக்கிவிட்டு, வர இருந்த ரயிலை வெளியிலேயே நிறுத்தப் போனுக்கு ஓடினார்.

மாமாவும் பின்னாலேயே இன்ஜினியரும் பிளாட்பாரப் பக்கம் ஓடி வந்தார்கள். மாமா ஜன்னலடியில் நின்றார். அவர் குரல் கீச்சென்று இருந்தது. "ஏம்மா, எழுந்து வா. வெளிய வா."

அத்தை அசையவில்லை. "நான் வெளிய வந்தா ஒருத்தன் திரும்பி வர மாட்டான். அப்புறம் இது நிக்குமா?"

"ஸ்டேஷன் போனா போகுது. நீ வா!"

"இத்தனை கட்டடத்துல உக்கார வச்சீங்க. அப்பல்லாம் வராத பயம் இப்ப என்ன?"

"அப்பல்லாம் விழாதுன்னு எனக்கு நம்பிக்கை இருந்துச்சு."

"எனக்கு ஒரு தடவைகூட இருந்ததில்ல" என்றாள் அத்தை.

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே எங்கோ இன்னொரு கண்ணாடி உடைந்தது.

அவர் ஜன்னல் வழியே, வாசல் வளைவுக்கு வெளியே சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆட்களைப் பார்த்தார். திட்டிக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி இன்ஜினியர் கையில் திணித்தார். ஜன்னல் திண்டில் கை ஊன்றி, வயதான உடம்பைத் தூக்கி, காலை உள்ளே போட்டு ஏறிக் குதித்தார். போய் அத்தைக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில், எழுந்துகொண்டிருக்கிற ஒரு கட்டடத்துக்குள் மாமா கால் வைத்ததே இல்லை. அவர் இடம் எப்போதும் வெளியே.

முதலில் திரும்பி நடந்தது ஒல்லிப்பிச்சான்தான். ஓடும்போது இருந்த வேகம் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு வந்து தன் ஜாக்கிக்கு முன்னால் குந்தினான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பிளாட்பாரப் பக்கத்து ஆட்கள் நகரவே இல்லை, தாங்கள்தான் காரணம் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

"விசில் வேணாம்" என்றாள் அத்தை. தட்டில் மீண்டும் விளிம்பு வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கற? உன் மைக்ல சொல்லு. நான் சொல்றதை அப்படியே சொல்லு."

மைக்கைப் போட்டேன். பழக்க தோஷம், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று என் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, "தெருப் பக்கம் மட்டும், கால் சுத்து" என்றேன். என் குரல் ஒலிபெருக்கிகள் வழியாக ஸ்டேஷன் முழுக்கப் போயிற்று. தெருவில் கம்பிகள் திரும்பின. உள்ளிருந்து அந்த முனகல் கேட்டது.

"இன்னொரு கால்" என்றாள் அத்தை.

"இன்னொரு கால்" என்றேன்.

அவள் கண் தட்டை விட்டு அகலவில்லை. மாமா தட்டைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்புக்கும் மேலே உத்தரம் முறுகுகிற சத்தம், ஓட்டிலிருந்து புழுதி கொட்டுகிற சத்தம். அவர் கை தரையில் எதையோ தேடி, அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. "தெருவுல மாவு மில்லைப் பாத்த மூலை மட்டும் அரைக்கால்" என்றாள் அத்தை. சொன்னேன். "போதும். எல்லாரும் கையெடுங்க." சொன்னேன். தெருவுக்குத் திரும்பித் தொலைநோக்கியில் கண் வைத்திருந்த இன்ஜினியர் கையை உயர்த்திக் காட்டினார். தட்டில் தண்ணீர் விளிம்பில் கண்ணாடி போல நின்றது.

ஆட்கள் சத்தம் போடவில்லை. வெற்றி பெற்றால் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். எல்லாரும் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை கல்லும் மரமும் அவர்கள் கையில் இருந்தது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது போல இருந்தது. வளைவில் விழுந்த பிளவு சமமானதும் மூடிக்கொண்டது. இன்ஜினியர் ஏணியில் ஏறி அதில் நகத்தை வைத்துப் பார்த்தார், நகம்கூட நுழையவில்லை. இறங்கி வந்து தன் பேனாவைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது, உடைந்து.

மாமாவை நாங்கள்தான் பிடித்து வெளியே இறக்க வேண்டியிருந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் கிடந்த மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி டீ சட்டையில் போயிற்று. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"உள்ள எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார் மாமா. "இந்தச் சத்தம், இந்தப் புழுதி, தலைக்கு மேல எல்லாம் அசையறது?"

"இல்லீங்க" என்றாள் அத்தை. "இன்னிக்குத் துணைக்கு நீங்க இருந்தீங்க."

மாமா டீயைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஆட்கள் எல்லாரும் ஜாக்கிகளுக்கு முன்னால் தயாராகக் குந்தியிருந்தார்கள். கடைசி நாள், கொஞ்சம்தான் பாக்கி. அத்தை தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலை நோக்கி நடந்தாள். மாமா குறுக்கே வந்து நின்றார். சுற்றிலும் ஆட்கள், இன்ஜினியர், மாஸ்டர், டிக்கெட்டுக்கு நின்ற ஜனங்கள், நான், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னிக்கு உள்ள உக்காருவியா?" என்று கேட்டார். "இஷ்டம் இருந்தா சொல்லு. இல்லன்னா வேணாம்."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் கவிழ்த்தாள். அவருக்கு அது சரியாக இருந்தது.

"நீங்க போய் உக்காருங்க" என்றாள். "ஒரு கட்டடம் எழும்பறதை நான் பாத்ததே இல்ல."

எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. ஊரில் பாதியோடு மேலே போனவள், ஒன்றுகூட மேலே போவதைப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தட்டுத் தண்ணீரும் தலைக்கு மேல் ஒரு கூரையும்தான்.

மாமா மறுபேச்சு பேசாமல் ஜன்னலேறி உள்ளே போனார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் கையை எடுக்கவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் போய், டீக்கடைச் சுவரோரமாக, முழுக் கட்டடமும் கண்ணில் படுகிற இடத்தில் நின்றாள். கொட்டகையில் என் இடத்தில் மாஸ்டர் உட்கார்ந்து, "எல்லாப் பக்கமும், கால் சுத்து" என்று மைக்கில் சொன்னார்.

ஸ்டேஷன் எழுந்தது. வளைவு, கூரை, ஜன்னல்கள், எல்லாம் ஒன்றாக, சத்தமில்லாமல் மூச்சு இழுப்பது போல ஒரு விரல் அகலம் மேலே வந்து நின்றது. அடியில் இருந்த வெளிச்சத்தில் அந்தப் பக்கம் தண்டவாளம் மின்னியது. புறாக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றின.

அத்தையின் பிடி என் கையில் இறுகியது. "அடேயப்பா" என்றாள். மறுபடி எழுந்தது. "இதுவா?" என்று என்னைக் கேட்டாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கத் தோன்றவில்லை. "ஏண்டி, இதையா நான் இத்தனை காலமா பண்ணிக்கிட்டு இருந்தேன்?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஜன்னலுக்குள்ளிருந்து மாமா, மில் மூலை சரியாக இருக்கிறதா என்று கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தைக்குக் காதில் விழவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.